வைவாவில் லாக் ஃபைல் பற்றிக் கேட்டால்

புராஜெக்ட் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) போகும் ஜூனியர்கள் பலர் டேட்டாபேஸ் டேபிள்களைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போகிறார்கள். "உங்கள் அப்ளிகேஷன் லாக் ஃபைலை, அதாவது நிரல் ஓடும்போது நடப்பதையும் பிழைகளையும் எழுதிவைக்கும் ஃபைலை, எங்கே வைக்கிறது? ஏன் அங்கே?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னிடம் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

எங்கள் புராஜெக்ட், மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனிக்கான கொள்முதல் கணக்கு. எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, எவ்வளவு முன்பணம் என்று பதிவாகும். கடையில் விண்டோஸ், எங்களிடம் உபுண்டு, முதலாளி வீட்டில் மேக். ஒரே பைத்தான் நிரல் மூன்றிலும் ஓட வேண்டும்.

முதலில் விண்டோஸ், ஏனென்றால் கேள்விகள் அங்கேதான் குவியும். நிரல் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் சாதாரண பயனர் எழுத முடியாது. விஸ்டா காலத்திலிருந்து, பழைய நிரல்கள் அங்கே எழுத முயன்றால் விண்டோஸ் சத்தமில்லாமல் அதை விர்ச்சுவல் ஸ்டோர் என்ற வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். அப்புறம் ஃபைலைத் தேடி அலைய வேண்டியதுதான். நிரல்கள் எழுத வேண்டிய இடம், ஒவ்வொரு பயனருக்கும் தனியாக இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டர். அதற்குள் முக்கியமாக ரோமிங், லோக்கல் என இரண்டு உண்டு. ரோமிங்கில் இருப்பது, அலுவலக நெட்வொர்க்கில் பயனர் எந்தக் கணினியில் நுழைந்தாலும் கூடவே போகும். ஒரு கணினியில் நடந்த பிழையைச் சொல்லும் லாக் அப்படி ஊர் சுற்ற வேண்டியதில்லை, லோக்கல்தான் சரி. எல்லாப் பயனருக்கும் பொதுவாகப் பின்னணியில் ஓடும் சர்வீஸ் என்றால் புரோகிராம்டேட்டா என்ற பொது ஃபோல்டர்.

லினக்ஸ் (எங்கள் உபுண்டு அதில் ஒரு வகை) என்றதும் எல்லோரும் "வார் லாக்" (/var/log) என்பார்கள். அது சிஸ்டம் சர்வீஸ்களுக்கு. சாதாரண பயனருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. பயனர் நிரலுக்கு, அவருடைய ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளி லோக்கல், அதற்குள் ஸ்டேட் (~/.local/state). எந்த ஃபைல் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்டிஜி விதிமுறையில் 2021-இல் சேர்ந்த இடம் இது. தற்காலிக ஃபைல்களுக்கான கேஷ் ஃபோல்டரில் வைத்தால் துப்புரவு செய்யும்போது பறிபோகும். மேக்கில் ஹோமுக்குள் லைப்ரரி, லாக்ஸ். கன்சோல் ஆப்பிலேயே திறந்து படிக்கலாம்.

பிளாட்ஃபார்ம்டிர்ஸ் என்ற பைத்தான் லைப்ரரி இந்த மூன்றையும் ஒரே ஃபங்ஷனில் தந்துவிடும். அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது என்ன பாதை தருகிறது, ஏன் என்று தெரியாமல் வைவாவில் உட்காராதீர்கள்.

பழைய லாக்கை எப்போது அழிப்பது என்பதற்கு நம் கடற்கரையே பதில் சொல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். "30 நாளைத் தாண்டியதை அழி" என்று வைத்தால், கடைசிப் பரபரப்பு நாட்களின் பிழைகள் கடல் திறக்கும்முன்பே போய்விடும். அளவை வைத்துச் சுழற்றுவதே, அதாவது ஃபைல் நிரம்பியதும் புதியது தொடங்கி, மிகப் பழையதை அழிப்பதே இங்கே பொருந்தும்: ஃபைலுக்கு 1 எம்பி, பழைய நகல் 5. தேர்வாளர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்னொன்று, ஆப்டேட்டா மறைக்கப்பட்ட ஃபோல்டர். கணக்கப்பிள்ளை அண்ணனிடம் போனில் அந்தப் பாதையைச் சொல்லிப் புரியவைப்பது கொடுமை. மெனுவில் "லாக் ஃபோல்டரைத் திற" என்று ஒரு பட்டன் வையுங்கள். அவர் லாக் ஃபைலை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார் என்பதால், படகுக்காரர் பெயரும் முன்பண பாக்கியும் லாக்கில் வரவே கூடாது. பில் எண்ணும் பிழைச் செய்தியும் இருந்தால் போதும்.