பெருந்திட்டங்களின் கொள்முதல் பணி

பெரும் கட்டுமானத் திட்டங்களுக்கான கொள்முதல் என்றாலே குறைந்த விலைக்கு வாங்குவது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் இப்பணியில் விலையைவிடக் காலமே என் கவனத்தை அதிகம் கோருகிறது. சுரங்கம் துளைக்கும் இயந்திரம், உயர் மின்னழுத்த மின்மாற்றி போன்றவை கிடங்கில் ஆயத்தமாக இருப்பவை அல்ல. அவற்றை வடிவமைத்து, உற்பத்தி செய்து, தொழிற்சாலையிலேயே சோதித்து, கப்பலேற்றிக் கொண்டுவர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதால், களத்தில் அகழ்வு தொடங்கும் முன்பே ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தின் சிறு சொற்களில் பெரும் பொறுப்புகள் அடங்கியுள்ளன. பன்னாட்டு வணிகத்தில் வாங்குபவர், விற்பவர் பொறுப்புகளை வரையறுக்கும் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின்படி எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றித் தருதல்) முறையில் வாங்கினால், சரக்கு கப்பலில் ஏற்றப்பட்டதுமே இழப்பின் அபாயம் வாங்குபவரைச் சேர்கிறது, டி.டி.பி. (வரி செலுத்திச் சேர்ப்பித்தல்) முறையிலோ, இறக்குமதி வரியையும் விற்பவரே செலுத்தி, குறித்த இடத்தில் இறக்குவதற்கு ஆயத்தமாகச் சேர்க்கும்வரை அந்த அபாயம் அவரிடமே இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே இதைத் தெளிவாக எழுதாவிட்டால், வந்துசேரும் விலைகளை ஒப்பிடுவதே பொருளற்றதாகிவிடும்.

மற்றவற்றைவிட மிகவும் தாழ்ந்த விலைப்புள்ளியைக் கண்டால், எனக்கு மகிழ்ச்சிக்கு முன்பு ஐயமே எழுகிறது. எஃகின் தரச்சான்றிதழில் உள்ள வார்ப்பு எண் (எஃகு எந்த உருக்குத் தொகுதியிலிருந்து வந்தது என்பதைக் காட்டும் எண்), வந்திறங்கிய கம்பிக்கட்டின் அட்டையில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் பல தலைமுறைகள் கடந்துசெல்லப்போகும் பாலத்திற்குள், எண் பொருந்தாத கம்பி நுழைவதற்கு, பணி எவ்வளவு தாமதமானாலும், நான் இசைவதில்லை.