லெம்ஸ்டர் பக்கம் ஒரு வீடு

ஊர்ப்பலகையில் லியோமின்ஸ்டர் என்று இருக்கும், வாயில் லெம்ஸ்டர் என்று வரவேண்டும். பக்கத்து ஊரை வியோப்ளி என்று எழுதிவைத்துவிட்டு வெப்லி என்கிறார்கள். வந்த புதிதில் எழுத்துக்கூட்டிப் படித்து டாக்ஸிக்காரரிடம் சொன்னேன், அவர் அரை நிமிடம் முழித்துவிட்டு "ஓ, லெம்ஸ்டரா" என்றார். இது இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயர். வேல்ஸ் எல்லையை ஒட்டி, ஆப்பிள் தோட்டமும், முகம் வெள்ளையாக இருக்கும் செம்மாடுகளும், கறுப்பு மரச்சட்டத்தோடு ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும் பழைய வீடுகளுமாக இருக்கிற இடம். லண்டனில் குரொய்டன் பக்கம் பதினோரு வருஷம் பஸ் சத்தத்தில் தூங்கியவர்கள் நாங்கள். இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் இங்கே வீடு தேட ஆரம்பித்தோம். வாங்கி முடிக்க ஒன்றரை வருஷம்.

முதலில் பார்த்த வீட்டுக்கு எங்கள் ஆஃபரை ஒப்புக்கொண்டார்கள். அம்மாவுக்கு போன் போட்டு வீடு முடிந்தது என்று சொல்லியும் விட்டேன். நம்மூரில் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டால் கையில் ஏதோ ஒரு பிடி இருக்கும். இங்கிலாந்தில் ஆஃபர் ஒப்புக்கொண்டார்கள் என்பது வெறும் வாய்வார்த்தை. இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்கிற கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் ஆகி, வழக்கமாகப் பத்து சதவீதம் கட்டுகிற நாள் வரை யார் வேண்டுமானாலும் கழன்றுகொள்ளலாம், இன்னொருவர் கொஞ்சம் கூடச் சொன்னால் விற்பவர் அங்கே போய்விடலாம். அதற்கு கஸம்பிங் என்று ஒரு பேரே வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் அதுதான் நடந்தது. வீட்டின் நிலையைப் பார்க்கிற சர்வேக்கும், பத்திர வேலை பார்க்கிற வக்கீலான சொலிசிட்டருக்கும் கொடுத்த காசு போனது போனதுதான்.

இரண்டாவது வீடு ஒரு பாட்டியுடையது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் கிரேடு டூ. குச்சிகளைத் தட்டி மாதிரி பின்னி, மேலே மண் அப்பிய சுவர். நம்மூர் மண்சுவர் வீட்டைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எப்போதோ ஒரு புண்ணியவான் அதன்மேல் சிமென்ட் பூசிவிட்டிருந்தார். சுண்ணாம்பு பூச்சென்றால் ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமென்ட் உள்ளேயே பிடித்துவைத்து ஓக் மரத்தை உளுக்கவைக்கும். சர்வேயர் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார், கேக்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது. பின்பக்கத்தில் வேறு அனுமதி இல்லாமல் வைத்த பிளாஸ்டிக் ஜன்னல்கள். கிரேடு வீட்டில் அப்படிச் செய்வது குற்றம். அதைவிட முக்கியம், யார் செய்திருந்தாலும் எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், இப்போதைய சொந்தக்காரரைப் பழையபடி மாற்று என்று கவுன்சில் சொல்ல முடியும். விலையைக் குறைத்துக் கேட்டோம், பாட்டி முகம் சுளிக்காமல் குறைத்தார்.

மூன்று மாதம் இழுத்தது செப்டிக் டேங்க்தான். ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது, கேஸ் பைப்பும் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் புல்லுக்குள் ஒரு இரும்பு மூடி. கடப்பாரை விட்டு நானும் என் கணவரும் சேர்ந்து தூக்கினோம், வாசனையைப் பற்றி எழுத வேண்டாம். உள்ளே பிரச்சினை இல்லை, அது போய் விழும் இடத்தில்தான் பிரச்சினை. ஒரு மண்குழாய் வேலியைத் தாண்டி நேராக ஓடையில் இறங்கியது. செப்டிக் டேங்க் கழிவை நேரடியாக நீரோட்டத்தில் விடுவது 2020 முதல் கூடாது, இதைச் சரிசெய்தாக வேண்டும். அந்த ஓடை போய்ச் சேர்கிற லக் ஆறு ஏற்கெனவே பாஸ்பேட்டில் திணறுகிறது. 2019 முதல் அதன் படுகையில் புது வீட்டுக்கு அனுமதி வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. எனவே சுத்திகரிப்புத் தொட்டி புதிதாக வைக்கவேண்டும் என்றாகி, அதற்கு யார் கொடுப்பது என்று இரண்டு சொலிசிட்டர்களும் வாரத்துக்கு ஒரு மெயில் வீதம் பேசிக்கொண்டார்கள். கடைசியில் பாட்டியும் நானும் சமையலறையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் பாதிப்பாதி என்று முடித்தோம். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

வில்லங்கம் பார்க்கிற மாதிரி இங்கே 'சர்ச்', அதாவது தேடல், என்று பல எடுப்பார்கள், அதில் ஒன்று நிஜமாகவே மாதா கோயில் சம்பந்தப்பட்டது. சில நிலங்களின் சொந்தக்காரர்கள் ஊர் தேவாலயத்தின் ஒரு பகுதியைப் பழுதுபார்த்துத் தரவேண்டும் என்று பழைய கடமை உண்டு. சிரிப்பாக இருக்கிறதா? வாரிக்ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரில் பண்ணை வைத்திருந்த ஒரு தம்பதி இதை எதிர்த்து, அப்போது நாட்டின் கடைசி நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 2003ல் தோற்றார்கள். எங்கள் நிலத்துக்கு அப்படி எதுவும் பதிவாகவில்லை. கேட்டதும் அப்பாடா என்றிருந்தது.

சாவி கொடுத்த அன்று பாட்டி எங்களை நேராக எண்ணெய் டேங்க்குக்குத்தான் கூட்டிப்போனார். இங்கே குளிருக்கும் வெந்நீருக்கும் மண்ணெண்ணெய்தான், லாரியில் வரும், குறைந்தது ஐந்நூறு லிட்டர் எடுக்கவேண்டும். டேங்க்கில் மானி இருக்கிறது, அதை நம்பாதே என்றார். கொட்டகைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு மூங்கில் குச்சியை எடுத்து உள்ளே விட்டு, துடைக்காமல் மெதுவாக வெளியே இழுத்து, ஈரம் நிற்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். குச்சியில் பேனாக்கத்தியால் கீறிய கோடுகள். மூன்றாவது கோட்டுக்குக் கீழே போனால் ஆர்டர் போடு, பனிக்காலத்தில் இரண்டு வாரம் ஆகும் என்றார்.

அமைதியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அறுவடைச் சமயத்தில் ராத்திரி ஒரு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு டிராக்டர் ஓடும். குட்டிகளைத் தாய் ஆடுகளிடமிருந்து பிரித்தால் இரண்டு மூன்று ராத்திரி அவை விடாமல் கத்தும், முதல் தடவை நான் தூங்கவே இல்லை. காற்று திரும்பினால் கோழிப்பண்ணை எரு. வாரத்தில் ஒரு மாலை தேவாலயத்தில் மணியடிப்பவர்கள் பயிற்சி. கடை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, தபால் ஆபீஸ் ஒரு வேனில் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். "பாலுக்குக்கூட காரில் போகணுமாடி?" என்றாள் அம்மா. ஆமாம்மா, போகணும். ஒற்றைவழிப் பாதையில் எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போகவேண்டும். பெரும்பாலும் நான்தான் போகிறேன், அதனால்தானோ என்னவோ ஊரில் எல்லோரும் கையாட்டுகிறார்கள்.

ஊர்க்காரர்கள் சேர்ந்து மொத்தமாக எண்ணெய் வாங்குகிற வாட்ஸப் குழு ஒன்று இருக்கிறது, சேர்ந்து வாங்கினால் லிட்டருக்குச் சில பென்ஸ் குறையும். நேற்று குச்சியை விட்டுப் பார்த்தேன், மூன்றாவது கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே. வியாழனுக்குள் பெயர் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள், ஐந்நூறு என்று போட்டுவிட்டேன்.