திராட்சைக் கொடி காய்க்க வேண்டுமா, கத்தரியை எடுங்கள்

வீட்டில் திராட்சை வைத்தவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். கொடி மாடிவரை ஏறிவிட்டது, இலை தளதளவென்று இருக்கிறது, ஏன் ஒரு கொத்துகூட வரவில்லை? உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு கூடை சாணத்தைக் கொட்டுவார்கள். இலைதான் இன்னும் பெருக்கும். உரத்தில் குறையில்லை. கொடியை யாரும் வெட்டவில்லை, அவ்வளவுதான்.

குளிர்நாட்டுத் திராட்சை பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கிவிட்டு, வசந்தம் வந்ததும் மொட்டு உடைக்கும். நம் வெயிலில் அந்த உறக்கமே கிடையாது. நுனி வளர்ந்துகொண்டே போகும். நுனி வளரும்வரை அதற்குக் கீழே உள்ள மொட்டுகள் விழிக்காது. பூங்கொத்து வருவதோ, போன பருவத்தில் வளர்ந்து பழுப்பேறி முற்றிய கிளையின் மொட்டு உடைந்து கிளம்பும் புதுத்தளிரில். ஆகவே கொடிக்கு ஒரு பொய்ப் பனிக்காலத்தை நாம் உண்டாக்கித் தர வேண்டும். முற்றிய கிளைகளைக் கணக்காக வெட்டிவிடும் கவாத்து அதைத்தான் செய்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை இரண்டு ஆண்டில் ஐந்து முறை அறுக்கப்படுகிறதென்றால், அத்தனை முறையும் கவாத்து வெட்டித்தான்.

வீட்டுக்கு வைக்க அந்தப் பன்னீர் ரகமே போதும். மஸ்கட் ஹாம்பர்க் என்பதைத்தான் நம் ஊரில் பன்னீர் திராட்சை என்கிறோம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. விதை உண்டு, தோல் மெல்லிசு, வாசனை அபாரம், வெயில் தாங்கும். நர்சரியில் விதையில்லாத தாம்சன் செடியைக் காட்டி ஆசை காட்டுவார்கள். அது நாசிக் பக்கத்துப் பயிர். அங்கே ஏப்ரலில் ஒரு வெட்டு, அக்டோபரில் ஒரு வெட்டு என்று அதற்குத் தனிக் கணக்கு. அடிமொட்டுகளில் காய்ப்பு குறைவு என்பதால் கிளையை நீளமாக விட்டுத்தான் வெட்ட வேண்டும். பழம் பருக்க வளர்ச்சி ஊக்கியில் நனைக்கும் வேலையும் சேரும். முதல் கொடிக்கு அது வேண்டாம். பழத்தின் விதையைப் போட்டு முளைக்க வைப்பதும் வேண்டாம். தாயைப் போல வராது.

நடுவதற்கு முற்றிய கிளையில் நான்கு கணு உள்ள, பென்சில் பருமனுள்ள குச்சி எடுங்கள். அடிக்கணுவுக்கு ஒட்டினாற்போல் நேராகவும், மேல்கணுவுக்கு ஓர் அங்குலம் தள்ளிச் சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நட்டுவிடும் குழப்பம் வராது. இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. செம்மண், மணல், மட்கிய தொழு உரம் மூன்றும் சமமாகக் கலந்த பையில் ஊன்றி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இலை வரும். அதைப் பார்த்து உடனே எடுத்து நடக்கூடாது. குச்சியில் இருக்கும் சேமிப்பை வைத்தே இலை விட்டுவிடும், வேர் பிறகுதான். இரண்டரை மூன்று மாதம் பொறுத்து, பையின் ஓரத்தில் வெள்ளை வேர் தெரிந்த பிறகு நட்டால் பட்டுப்போகாது.

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடம் வேண்டும். இதில் சமரசம் செய்தால் மற்ற எல்லாம் வீண். இரண்டடி நீள அகல ஆழத்தில் குழி, அதில் மேல்மண்ணோடு 15 கிலோ மட்கிய தொழு உரம், ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு. களிமண் என்றால் மணல் சேருங்கள். வேரடியில் தண்ணீர் தேங்குவதைத் திராட்சை பொறுக்காது. மாடியில் வைப்பவர்கள் 20 லிட்டர் வாளியில் காலத்தை வீணாக்க வேண்டாம். 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக வெட்டியது குறைந்தபட்ச அளவு.

முதல் வருஷம் முழுக்க ஒரே தண்டுதான். பலமான ஒரு தளிரை மட்டும் விட்டு, கம்பு நட்டுச் சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டி, பக்கச் சிம்புகளை வாரம் ஒருமுறை கிள்ளி மேலே ஏற்றுங்கள். பந்தல் ஆறரை அடி உயரம் போதும். கை எட்டாத பந்தலில் கவாத்தும் மருந்தடிப்பும் ஒழுங்காக நடக்காது. ஒன்றரை அங்குல இரும்புக் குழாய்ச் சட்டம், குறுக்கும் நெடுக்குமாக ஒன்றரை அடிக்கு ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசிய) கம்பி. தண்டு பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி, எதிரெதிர்த் திசையில் இரண்டு கிளையைப் படர விடுங்கள். அவற்றில் வரும் கிளைகளையும் இரண்டடிக்கு ஒருமுறை கிள்ளிக் கிளைக்க விட்டால் பந்தல் நிறையும். இந்த வேலையை அவசரப்படுத்தி முதல் வருஷமே பழம் பார்க்க நினைத்தால், பந்தலின் ஒரு பக்கம் அடர்ந்து மறுபக்கம் மொட்டையாகவே நின்றுவிடும்.

இனி கவாத்து. கிளை பச்சையாக இருந்தால் தொடாதீர்கள். பழுப்பு நிறமேறி, வளைத்தால் விறைப்பாக நிற்க வேண்டும். ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டு, பன்னீர் ரகத்தில் முற்றிய கிளை ஒவ்வொன்றையும் அடியிலிருந்து நான்கு மொட்டு விட்டு வெட்டுங்கள். மெலிந்த கிளைகளை ஒன்று அல்லது இரண்டு மொட்டில் வெட்டினால் அவை அடுத்த பருவத்துக்கான நல்ல கிளைகளாக வளரும். பந்தலில் சதுர அடிக்கு ஒரு கிளைக்கு மேல் வேண்டாம். மீதி இலை, கம்பியைப் பிடித்துக்கொள்ளும் பற்றுச்சுருள் எல்லாவற்றையும் உருவி எறியுங்கள். பந்தல் வெறும் எலும்பாக நிற்கும், கலங்க வேண்டாம். வெட்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் வடிவதும் இயல்பே, வேரின் அழுத்தம்தான் காரணம், தானே நிற்கும். அடித்தண்டில் உரிந்து தொங்கும் பட்டையை அன்றே உரித்து எரித்துவிடுங்கள். தண்டு வண்டு முட்டையிடுவதும், மாவுப்பூச்சி ஒளிந்திருப்பதும் அதன் அடியில்தான். இதைச் செய்யாமல் விட்டால், மொட்டு வீங்கும் நேரத்தில் வண்டு இரவோடு இரவாக அதைத் தின்றுவிடும், கவாத்தே வீண்.

சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் கணக்கு. மழை ஓய்ந்து டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஒரு வெட்டு, ஏப்ரல், மே மாதத்தில் பழம். மே கடைசியில் இன்னொரு வெட்டு, செப்டம்பரில் பழம். வெட்டிலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 110 முதல் 120 நாள். பழம் நிறம் மாறும் நேரத்தில் மழை பிடித்தால் தோல் வெடித்துக் கொத்து அழுகும். ஆகவே அக்டோபருக்குள் அறுவடை முடிகிறதா என்று பின்னோக்கி எண்ணி வெட்டுங்கள்.

வெட்டிய அன்றே 10 கிலோ தொழு உரம், 200 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் என்ற சாம்பல்சத்து உரத்தில் பாதி. 60-ஆம் நாள் மீதிப் பாதி. மியூரியேட் பொட்டாஷ் மலிவு, ஆனால் அதிலுள்ள குளோரைடு திராட்சைக்கு ஆகாது. யூரியாவை மறந்துவிடுங்கள், தழைச்சத்து மிஞ்சினால் கொடி இலையாகத்தான் போகும்.

பத்துப் பன்னிரண்டு நாளில் மொட்டு வீங்கி, மேலே படர்ந்த சாம்பல் பஞ்சு பிளந்து, இளஞ்சிவப்பு விளிம்போடு இலை விரியும். இந்த நேரத்தில் தினமும் பந்தலடிக்குப் போய் நில்லுங்கள். மூன்றாவது அல்லது நான்காவது இலைக்கு நேர் எதிரே, கடுகில் பாதி அளவுள்ள பச்சை மொக்குகள் நெருங்கிய சிறு கொத்து தெரியும். அதே இடத்தில் வேறு தளிரில் பற்றுச்சுருள் இருக்கும். இரண்டும் ஒரே உறுப்பிலிருந்து பிறப்பவை. மொட்டு உருவான காலத்தில் வெயிலும் உணவும் போதுமான அளவு கிடைத்திருந்தால் பூங்கொத்து, இல்லையென்றால் சுருள். சில தளிரில் பாதி சுருளாகவும் பாதி பூவாகவும் இருப்பதைக்கூடப் பார்க்கலாம். அப்படி நிறைய வந்தால் போன பருவத்தில் பந்தல் இருண்டு கிடந்தது என்று பொருள். இந்த முறை கிளைகளைக் குறைத்து, பந்தலடியில் அங்கங்கே வெயில் பொட்டுப் பொட்டாக விழும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

கொத்து தெரிந்த தளிரை 12 முதல் 15 இலையில் நுனி கிள்ளுங்கள். ஒரு கொத்தை ஊட்ட அத்தனை இலை வேண்டும். தளிருக்கு ஒரு கொத்து, முதல் காய்ப்பில் கொடிக்கு மொத்தம் பத்துக் கொத்து. மனசு கேட்காமல் எல்லாவற்றையும் விட்டால் பழம் பாதி கறுத்துப் பாதி பச்சையாகவே நிற்கும், அடுத்த கவாத்திலும் மொட்டு ஏமாற்றும். காய் பட்டாணி அளவுக்கு வந்ததும் கூர்மையான சிறு கத்தரியால் கொத்தின் உட்பக்கத்துக் காய்களில் ஐந்தில் ஒன்றை எடுத்துவிடுங்கள். நெருக்கி நிற்கும் காய்கள் ஒன்றையொன்று நசுக்கி அழுகுவது இதனால் நிற்கும்.

நோய்களில் அஞ்ச வேண்டியது அடிச்சாம்பல். இலையின் மேலே எண்ணெய்க் கறை போல மஞ்சள் திட்டு, திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் பூஞ்சை. மேகமூட்டமும் இலை ஈரமும் சேர்ந்தால் இரண்டே நாளில் பூங்கொத்தைக் கருக்கிவிடும். வருமுன் அடிக்க வேண்டியது ஒரு சதவீத போர்டோ கலவை. அரை லிட்டர் தண்ணீரில் 10 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), வேறொரு அரை லிட்டரில் 10 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, இரண்டும் பிளாஸ்டிக் பாத்திரத்தில். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது; படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். சேர்க்காமல் அப்படியே அடித்தால் இலை கருகும். கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். இளந்தளிருக்குப் பாதி வீரியம் போதும்.

இலையின் மேற்பக்கமே மாவு தூவினாற்போல வெளுத்தால் அது வேறு, சாம்பல் நோய். லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம், அதுவும் காலை வெயில் ஏறுமுன். மாவுப்பூச்சிக்கு எறும்பைத் தடுப்பது பாதி வைத்தியம்.

தண்ணீரை அறுவடைக்கு ஒரு வாரம் முன் நிறுத்துங்கள், இனிப்பு ஏறும். நிறத்தை நம்பி அறுக்காதீர்கள். கறுத்த பிறகும் புளிப்பு இருக்கும், பறித்தபின் திராட்சை பழுக்காது. கொத்தின் அடி நுனியிலுள்ள பழம்தான் கடைசியாக இனிக்கும். அதைக் கிள்ளிச் சுவைத்து, இனித்தால் முழுக் கொத்தையும் வெட்டுங்கள். கொண்டைக்குருவிக்கும் வௌவாலுக்கும் உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும் என்பதால், நிறம் மாறத் தொடங்கிய அன்றே வலையைப் போர்த்திவிடுங்கள்.