"மேலே பேசியாச்சு" என்றார்கள், வழக்கை மாற்றக் கேட்டோம்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பாதை பற்றி ஒரு சிவில் வழக்கு. சாட்சி விசாரணை நடந்துகொண்டிருந்தபோது எதிர்த்தரப்புக்காரர், பச்சை இலை எடை போடும் இடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "மேல்கோர்ட்டுல நம்ம ஆள் இருக்கார். ஜட்ஜம்மாவுக்கு போன் போயாச்சு." வெட்டிப் பேச்சு என்று விட்டுவிட்டோம். அடுத்த வாய்தாவில் கோர்ட் ஊழியர் ஒருவரே அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டு, "சமாதானமாப் போயிடுங்க, தீர்ப்பு உங்க பக்கம் வராது" என்றார். அப்புறம்தான் வக்கீலிடம் ஓடினோம்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில், மாவட்ட நீதிமன்றம் வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றலாம். மாற்றக் கேட்கும் மனுவோடு போட்ட அபிடவிட்டில் (சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலம்) 'போன் வந்தது' என்று நான் சொன்னதை வக்கீல் அடித்துவிட்டு, 'போன் போனதாக எதிர்மனுதாரர் சொன்னார்' என்று எழுதினார். யார், எங்கே, எப்போது, யார் காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஜட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவமதிப்பு வழக்கு பாயுமோ என்று அண்ணனுக்குப் பயம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவைக் காட்டினார் வக்கீல்: கீழ்நிலை நீதிபதியைப் பற்றி உயர் நீதிமன்றத்திடமோ வேறொரு கீழ்நிலை நீதிமன்றத்திடமோ நல்லெண்ணத்தோடு சொன்னால் அவமதிப்பு ஆகாது. டீக்கடையில் சொன்னால் அந்தப் பாதுகாப்பு கிடையாது!

வெளியாள் மிரட்டினால் முன்சீப் (எங்கள் வழக்கைக் கேட்ட கீழ்கோர்ட் நீதிபதி) போலீஸைக் கூப்பிடலாம். மேலே இருப்பவரே பேசினால்? அரசியல் சட்டத்தின் 235ஆவது பிரிவுப்படி முன்சீப்பின் பணியிடமும் பதவி உயர்வும் உயர் நீதிமன்றத்தின் கையில். அரசாங்கம் தலையிடாமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். உள்ளேயிருந்து வரும் போனை அது தடுக்காது. 2025 ஆகஸ்டில் சென்னையில், கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் நீதிபதி சரத்குமார் சர்மா, உயர் நீதித்துறையைச் சேர்ந்த ஒருவர் ஒரு தரப்புக்குச் சாதகமாகத் தன்னை அணுகியதை உத்தரவிலேயே எழுதிவிட்டு அந்த வழக்கிலிருந்து விலகினார். அவர் ஏற்கெனவே உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். புதிதாக வேலைக்கு வந்த முன்சீப்புக்கு அந்தத் தெம்பு வருமா?

ஊட்டி மாவட்ட நீதிமன்றத்தில் எங்கள் மனு மேல் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனது, எங்கள் ஜட்ஜிடம் விளக்கமும் கேட்டார்கள். தன்னை யாரும் அணுகவில்லை, மாற்றுவதில் ஆட்சேபமும் இல்லை என்று எழுதியிருந்தார். உண்மையாகவே இருக்கலாம், அவர் பெயரைச் சொல்லி யாரோ கடை போட்டிருக்கலாம். எப்படியோ, வழக்கு மாறியது. விட்ட இடத்திலிருந்தே நடக்கலாம் என்பதால் எங்கள் சாட்சிகள் மறுபடி கூண்டேற வேண்டியதில்லை.

அந்த ஊழியர் மேல் உயர் நீதிமன்ற விஜிலென்ஸ் (முறைகேடு விசாரணை) பதிவாளருக்குத் தனியாக, அபிடவிட்டோடு புகார் அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.