முதல் மாடிபிகேஷன் ஆச்சி செஞ்சது

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து வீட்டில் எல்லாரும் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். போனது சுடலையின் புதுக் காரில். அக்கா மகன் சுடலையை உங்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பைக் சைலன்சரில் எதையோ பிடுங்கிவிட்டுப் பெருமாள்புரத்துக்கே தூக்கம் இல்லாமல் ஆக்கினானே, அதே சுடலைதான். இப்போது ஹூண்டாய் ஐ20 என் லைன். 120 குதிரைசக்தி, 172 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்குவிசை.

பாளையங்கோட்டையிலிருந்து கோயில் வரைக்கும் பதினேழு வேகத்தடை. ஆச்சி எண்ணினாள். ஒவ்வொன்றுக்கும் இறங்கி ஏறினவளுக்கு எண்ணுவது கஷ்டமா? தடை வந்ததும் சுடலை வண்டியை நிறுத்துவான். பின்சீட்டில் இருந்து ஆச்சி, அக்கா, மதினி மூன்று பேரும் தூக்குவாளியோடு இறங்க வேண்டும். வண்டி கோணலாக நண்டு மாதிரி ஏறும். அப்படியும் நடுவில் ஒரு 'கர்ர்ர்'. பிறகு மூன்று பேரும் அந்தப் பக்கம் நடந்து போய் ஏற வேண்டும். பின்னால் வந்துகொண்டிருந்த எங்கள் பழைய ஆல்டோ அதே தடைகளை வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி தாண்டியது. ஒன்பதாவது தடையில் எதிரே வந்த டவுன் பஸ் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "என்ன ஆச்சி, பெட்ரோல் தீந்துட்டா?" என்றார்.

"இல்லய்யா, வண்டிக்குக் கால வெட்டிட்டானுவ" என்றாள் ஆச்சி.

வெட்டினது உண்மைதான். வண்டி வந்த பதினோராவது நாள், 640 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, ஒரு கடையில் விட்டு வண்டியின் உயரத்தை 30 மில்லிமீட்டர் இறக்குகிற ஸ்பிரிங் நான்கும், 17 இன்ச் அலாய் ரிம்மும், கோன் ஃபில்டர் என்கிற கூம்பு மாதிரியான ஏர் ஃபில்டரும் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். கம்பெனி மானுவலில் முதல் 1,000 கிலோமீட்டருக்கு எஞ்சினை நிமிஷத்துக்கு 2,000-க்கும் 4,000-க்கும் இடையில் சுற்றவிடச் சொல்லியிருக்கும். ஒரே வேகத்தில் நாலுவழிச் சாலையில் நாங்குநேரி டோல் வரைக்கும் பிடித்துக்கொண்டே போகவும் கூடாது, சிவப்புக் கோட்டுக்கு ஏற்றவும் கூடாது. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு பழக வேண்டிய நேரம் அது. இவன் அதற்குள் வண்டியின் ஜாதகத்தையே மாற்றிவிட்டான்.

ஸ்பிரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இடுப்பு வலி அதனால்தான். ஷாக் அப்சார்பருக்குள் தண்டு மேலும் கீழும் போய்வர ஒரு தூரம் உண்டு. வண்டியை 30 மில்லிமீட்டர் இறக்கினால் அமுங்குகிற பக்கத்தில் அந்த 30 மில்லிமீட்டரும் போய்விடும். அதற்கு மேல் ஐந்து பேர், ஒரு தூக்குவாளி சர்க்கரைப் பொங்கல், இரண்டு குடம், ஒரு தார் வாழைப்பழம் என்று ஏறினால் பின்பக்கம் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உட்கார்ந்துவிடும். மிச்சம் இருப்பது பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டை மட்டும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி அந்தக் கட்டையில் போய் இடிக்கிறது, இடித்தது ஆச்சியின் இடுப்புக்கு வருகிறது. புது ஸ்பிரிங் கம்பெனி ஸ்பிரிங்கைவிட விறைப்பானது. அதை அடக்கக் கம்பெனி ஷாக் அப்சார்பருக்குச் சக்தி போதாது. வண்டி குதிக்கும், ஷாக்கும் சீக்கிரம் கசியும். இறக்கியே தீருவேன் என்கிறவன் அந்த ஸ்பிரிங்குக்குப் பொருந்துகிற ஷாக்கோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்கப் பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்று அறுத்துப் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். சக்கரம் முழுசாகத் தொங்குகிற பள்ளத்தில் ஸ்பிரிங் தன் இடத்தைவிட்டு விலகும்.

கடைக்காரர் செய்த இன்னொரு வேலை கண்ணுக்கே தெரியாது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற லோயர் ஆர்மின் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போதே முறுக்கிவிட்டார். அதிலுள்ள ரப்பர் புஷ் தொங்குகிற கோணத்தில் இறுகிப்போகும். வண்டி தரைக்கு வந்ததும் நாள் முழுக்கத் திருகிய நிலையிலேயே இருக்கும், சில மாதத்தில் கிழியும். சக்கரத்தைத் தரையில் ஊன்றி, வண்டியின் எடை அதன் மேல் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். அதுக்குப் பிறகு வீல் அலைன்மென்ட். ஸ்பிரிங் கொஞ்சம் படிந்துகொள்ளும் என்பதால் 300 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு தடவை. உயரம் மாறினால் முன்சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கிற கோணம், டோ என்பார்கள், அது மாறும், டயரின் உள்விளிம்பு ரம்பம் போட்டது மாதிரி தேயும். சுடலையின் வண்டிக்கு அலைன்மென்ட் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. "கம்பெனிலயே பண்ணிருப்பாங்கல்லா மாமா?" என்கிறான். பண்ணியிருந்தார்கள், நீ வெட்டுவதற்கு முந்தின காலுக்கு.

அலாய் கதை இதைவிட அழகு. கம்பெனி டயர் 195/55 ஆர் 16. அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 இன்ச். கணக்குப் போட்டால் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர் வரும். 17 இன்ச்சுக்குப் போகிறவன் 205/45 போட்டால் 616, ஏறக்குறைய அதே உயரம். கடையில் அந்த அளவு ஸ்டாக் இல்லையாம். 205/50 மாட்டிவிட்டார்கள், 637. மேலிருந்து 30 மில்லிமீட்டர் இறக்கியாயிற்று, கீழிருந்து ஆரத்தில் 8 மில்லிமீட்டர் ஏற்றியாயிற்று. ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவில் 38 மில்லிமீட்டர் காணவில்லை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் பிளாஸ்டிக் லைனரில் உரசி, தேங்காய் துருவுகிற சத்தம். ஸ்பீடோமீட்டரும் இரண்டரை சதவீதம் குறைத்துக் காட்டும்.

ரிம்மின் நடு ஓட்டை, அது உட்காருகிற ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடையில் ஹப் ரிங் போட வேண்டும். இல்லாவிட்டால் 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், எத்தனை தடவை பாலன்ஸ் செய்தாலும் போகாது. நட்டின் அடி கூம்பா உருண்டையா, ரிம்மின் குழி எப்படி என்று பொருத்திப் பார்க்க வேண்டும். ஏர் கன்னால் 'டர்ர்ர்' என்று அடித்துவிட்டு அனுப்பக்கூடாது. முறுக்குவிசையை அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்சில் 11-லிருந்து 13 கிலோகிராம்-மீட்டர், நட்சத்திரம் வரைகிற வரிசையில். 100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு முறுக்கு. அந்தக் கடையில் டார்க் ரெஞ்ச் இருந்தது. சுவரில் மாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள். போன ஆயுதபூஜைக்கு இறக்கியதாக இருக்கும்.

கோன் ஃபில்டருக்கு வருவோம். கோயில் தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரத்தில் இருக்கிறது. அந்தச் செம்மண் பார்க்க அழகு. உள்ளே இருப்பது குவார்ட்ஸ் மணி, மேலே இரும்பு ஆக்சைடு பூச்சு, அதனால்தான் சிவப்பு. குவார்ட்ஸ் எஞ்சினுக்குள் இருக்கிற அலுமினியத்தைவிட, இரும்பைவிடக் கடினம். ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் முதலில் டர்போவின் விசிறி இதழைத் தின்னும், அப்புறம் சிலிண்டர் சுவரைக் கீறும். கம்பெனிக் காகித ஃபில்டர் மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்து, முன்னாலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கிறது. கோனோ எஞ்சின் பக்கத்தில் திறந்த வாயோடு நிற்கிறது. வண்ணாரப்பேட்டை சிக்னலில் மத்தியானம் நின்றால் அது இழுப்பது அடுப்புக் காற்று. சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. சென்சார் சொல்வதை வைத்து எஞ்சின் கம்ப்யூட்டர் இக்னிஷனைத் தாமதப்படுத்தும், சக்தி குறையும். எண்ணெய் தடவின வகையாக இருந்து, எண்ணெய் கொஞ்சம் கூடிப்போனால் அது சென்சாரிலும் போய் ஒட்டும். கூடினது 'உஸ்ஸ்ஸ்' சத்தம் மட்டும்தான். சத்தம் வந்ததும் வண்டி வேகமாகப் போகிறது என்று காது சொல்லும். சுடலையின் காது சொன்னதை அவன் அப்படியே நம்பிவிட்டான்.

தேரிப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் காகித ஃபில்டரை 5,000 கிலோமீட்டருக்கு ஒருதடவை எடுத்துப் பார்த்தாலே போதும்.

அடுத்த மாதம் எக்ஸாஸ்ட், அதற்கடுத்து எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுகிற ரீமேப் என்று இன்னொரு பட்டியல் போனில் வைத்திருந்தான். எக்ஸாஸ்டில் சத்தத்தை அடக்குகிற ரெசனேட்டரை எடுத்தால் 2,000, 2,500 சுற்றில் காதுக்குள் வண்டு புகுந்த ரீங்காரம் கன்னியாகுமரி வரைக்கும் கூடவே வரும். புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்தால் அதற்குப் பின்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் எஞ்சின் விளக்கை ஏற்றிவிடும். ரீமேப் முடிந்த அன்றே வாரண்டிக்குத் திவசம் கொடுத்துவிடலாம். இதற்கு மேல் அவனுக்குச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அத்தான் இருந்தார்.

அத்தான் ரிட்டயர் ஆனாலும் அவருக்குள் இருக்கிற ஃபைல் ரிட்டயர் ஆகவில்லை. கோயில் ஆலமரத்தடியில் இலை போட்டு, கூட்டாஞ்சோறு விழுவதற்குள் ஆரம்பித்தார். "எலே, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. ஆர்சி புக்குல உள்ளதுக்கு மாறா வண்டிய மாத்தப்பிடாது. 2019-ல திருத்தம் வந்துட்டு. 182ஏ. ஒரு மாத்தத்துக்கு அஞ்சாயிரம் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும். நீ எத்தன பண்ணிருக்க?" சுடலை விரல் மடக்கினான். "சத்தம் கூடுனா 190, அது பத்தாயிரம் வரைக்கும். கண்ணாடிக்குக் கருப்புப் பேப்பர் ஒட்டலாம்னு நெனைக்காத. முன்னாலயும் பின்னாலயும் 70 சதவீதம் வெளிச்சம் வரணும், பக்கத்துல 50. கருப்பு ஃபிலிம் கூடாதுன்னு 2012-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சு. இன்சூரன்சுக்காரன்ட்ட சொல்லாம மாத்திட்டு எங்கயாவது இடிச்சன்னு வையி, கிளெய்முக்கு நாமத்தப் போட்டுருவான்."

இவ்வளவும் பேசிய அத்தான்தான் வண்டி வந்த மறுநாள் ரெக்சின் சீட் கவர் தைத்துப் போட்டவர். முன்சீட்டுப் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது. அது தையலைப் பிய்த்துக்கொண்டு கண் இமைப்பதற்குள் வெளியே வர வேண்டும். தடித்த ரெக்சின் உறை அதன் வாயைப் பொத்திவிடும். ஏர்பேக் உள்ள சீட்டுக்கு அந்த இடம் திறந்திருக்கிற, இல்லை அதற்கென்றே மெல்லிசாகத் தைத்த உறைதான் போட வேண்டும். இதை எடுத்துச் சொன்னபோது அத்தானுக்குத் திடீரென்று ரசம் தேவைப்பட்டது.

உண்மையில் அந்த வண்டியில் முதல் மாடிபிகேஷன் செய்தது ஆச்சிதான். ஷோரூமிலிருந்து வந்த அன்று பானட்டில் சந்தனத்தைக் குழைத்து மூன்று பட்டை, நடுவில் குங்குமம், முன்கண்ணாடியில் ஒரு ஓம். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, மழை சென்சார் உள்ள வண்டி என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டுப் பொட்டு வையுங்கள். சந்தனத்தைக் காய்ந்த பிறகு துணியால் தேய்த்தால் பெயின்ட்டுக்கு மேலே இருக்கிற கிளியர் கோட்டில் சிலந்தி வலை மாதிரி கீறல் விழும். ஈரத்துணியைப் பத்து நிமிஷம் அதன் மேல் போட்டு ஊறவிட்டு, தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட வேண்டும். வெள்ளை வண்டியில் குங்குமத்தை வெயிலில் நாள்கணக்கில் விட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும். சுடலை அந்த மூன்று பட்டையை மட்டும் இன்னும் அழிக்கவில்லை. கீறல் விழுந்தால் விழட்டும், ஆச்சி போட்டது என்கிறான். இவன் மேல் முழுசாகக் கோபப்படவும் விடமாட்டான்.

புது வண்டி எடுத்திருக்கிற தம்பிகள் அந்தக் காசை இப்படிச் செலவழிக்கலாம். வாரம் ஒருமுறை காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால் டயர் காற்று. நம் ஊர் வெயிலில் ஓட்டிவிட்டு அளந்தால் பொய் சொல்லும், 10 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம். ஐந்தாவது கியரில் 1,500 சுற்றில் போகும்போது ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதிக்காமல் கியரைக் குறையுங்கள். டர்போ நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் அந்த இடத்தில்தான் எரிபொருள் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனை உடைக்கும். ஆயிலும் மானுவலில் உள்ள கிரேடில், ஏபிஐ எஸ்பி தரம் பார்த்து வாங்குங்கள். விரட்டி ஓட்டிவிட்டு வந்தால் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணையுங்கள், டர்போ ஆறட்டும்.

பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 4 வகை ஆயில் புதுசாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் குடித்த பிறகு அது 155-க்கு வந்துவிடும். புளியரையிலிருந்து ஆரியங்காவு ஏறிவிட்டு இறங்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்து வருகிறவனுக்கு அந்த வித்தியாசம் காலில் தெரியும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பிரேக் பேட் மாற்றினால் 60 வேகத்திலிருந்து 15-க்கு எட்டு பத்து தடவை அழுத்தி, நிற்காமல், பிறகு பத்து நிமிஷம் பிரேக் போடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். முதல் செட் டயர் தேய்ந்ததும் கம்பெனி அளவிலேயே நல்ல டயராகப் போடுங்கள். வண்டி வாங்கின குணம் அப்போதுதான் முழுசாகத் தெரியும்.

நேற்று ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையதையே மாட்டிவிட்டான் சுடலை. இந்தத் தடவை போல்ட்டைத் தரையில் வைத்து முறுக்கினார்களா என்று மூன்று தடவை போன் போட்டுக் கேட்டான், கேட்கட்டும். காகித ஃபில்டரும் பெட்டிக்குள் போய்விட்டது. அலாயை வாங்க ஆள் தேடுகிறான். ஸ்பிரிங்கை எவனும் வாங்கவில்லை. 22,000 ரூபாய்க்கு வாங்கின, சிவப்புப் பெயின்ட் அடித்த நான்கு ஸ்பிரிங்கும் இப்போது மொட்டைமாடியில் இருக்கின்றன. ஆச்சி கூழ்வத்தல் ஊற்றியிருக்கிறாள். வேட்டியின் நாலு முனையிலும் ஒவ்வொன்று. என்ன காற்று அடித்தாலும் அசையவில்லையாம். அடுத்த வாரம் மோர்மிளகாய்க்கும் வேண்டும், விற்றுவிடாதே என்று சுடலையிடம் சொல்லியிருக்கிறாள்.