போக்குவரத்து, பொருளாதார வளர்ச்சி, பன்னாட்டு ஒத்துழைப்பு: கட்டுரை வினாவில் மதிப்பெண் எங்கே நழுவுகிறது

'ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கும் பன்னாட்டு ஒத்துழைப்புக்கும் போக்குவரத்து எவ்வாறு துணைபுரிகிறது?' வினாத்தாளில் இதைப் பார்த்ததும் பலருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. தெரிந்த விஷயம்தானே என்று சாலை, ரயில், கப்பல், விமானம் என நான்கு துணைத்தலைப்பு போட்டு நன்மைகளை அடுக்குவார்கள். பக்கம் நிரம்பும், மதிப்பெண் பாதியைத் தாண்டாது. வினா வாகன வகைகளைக் கேட்கவில்லை. ஒரு பாதை திறந்தால் வருமானம் எந்த வழியாக உயர்கிறது, அந்தப் பாதை எல்லையைத் தாண்ட எது தேவைப்படுகிறது என்ற இரண்டையும் கேட்கிறது.

இரண்டாவது பாதியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். வளர்ச்சிக்கு மூன்று பக்கம் எழுதிவிட்டு, ஒத்துழைப்புக்குக் கடைசியில் நான்கு வரி: 'போக்குவரத்து நாடுகளிடையே நல்லுறவை வளர்க்கிறது.' திருத்துபவருக்கு அதில் மதிப்பெண் போட ஒன்றும் கிடைக்காது. 45 நிமிடக் கட்டுரை என்றால் முதல் 6, 7 நிமிடம் குறிப்பெடுக்க, கடைசி 4 நிமிடம் திரும்பப் படிக்க. நடுவில் இருப்பதைச் சரிபாதியாகப் பிரித்து, பாதி நேரம் ஆனதும் எந்த வரியில் இருந்தாலும் ஒத்துழைப்புக்குத் தாவிவிடுங்கள்.

வளர்ச்சிப் பகுதியைச் செலவு, நேரம், நம்பகத்தன்மை என்ற வரிசையில் கொண்டுபோவது நல்லது.

செலவுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஆலை வாசலில் ஒரு பொருளின் விலை 100. வாங்குபவர் அதிகபட்சம் 120 தருவார். 100 கிலோமீட்டருக்குக் கூலி 10 என்றால் அந்தப் பொருள் 200 கிலோமீட்டர் வரைதான் போகும். கூலி 5 ஆகக் குறைந்தால் 400 கிலோமீட்டர் போகும். தூரம் இரட்டிப்பானால் ஆலையைச் சுற்றியுள்ள சந்தைப் பரப்பு நான்கு மடங்காகிறது. இதை லார்ட்னர் விதி என்பார்கள். ஒரே மையத்தில் இரண்டு வட்டம் வரைந்து ஆரங்களைக் குறித்துவிட்டால் ஒரு பத்தி எழுதும் வேலை மிச்சம். அடுத்த படியை விட்டுவிடாதீர்கள்: சந்தை பெரிதானால் பெரிய இயந்திரம் போட முடியும், ஒரு பொருளுக்கான அடக்கச் செலவு இறங்கும், எல்லா ஊரும் எல்லாவற்றையும் செய்யாமல் தனக்குக் கைவந்ததில் நிலைகொள்ளும். 'சந்தை விரிவடைகிறது' என்று எழுதி நிறுத்தினால் பாதி வழியில் இறங்கிய மாதிரி.

எடுத்துக்காட்டுக்குக் கன்டெய்னரை விடச் சிறந்தது கிடையாது. 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 கன்டெய்னர்களுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. அதை நடத்தியவர் மால்கம் மெக்லீன், லாரித் தொழிலிலிருந்து வந்தவர். உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.86 டாலர் ஆன இடத்தில் கன்டெய்னரில் சுமார் 16 சென்ட்தான் ஆனது என்பது பரவலாக மேற்கோள் காட்டப்படும் கணக்கு. இங்கே ஒரு பிழை அடிக்கடி வருகிறது: 'கன்டெய்னரால் கப்பல் வேகமாகச் சென்றது' என்று எழுதுகிறார்கள். கடலில் வேகம் மாறவில்லை. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்க நாள்கணக்கில் துறைமுகத்தில் கிடந்த கப்பல் சில மணி நேரத்தில் கிளம்ப முடிந்தது. மிச்சமானது கரையில்தான். அந்தப் பெட்டியின் அளவும் மூலைப்பிடிப்பும் உலகெங்கும் ஒன்றாக இருக்க நாடுகள் உட்கார்ந்து தரம் நிர்ணயிக்க வேண்டியிருந்தது. அதனால் இந்த ஒரே எடுத்துக்காட்டை இரண்டாம் பாதிக்குப் பாலமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

நேரத்தைப் பற்றி எழுதும்போது 'விரைவாகச் செல்லும்' என்பது போதாது. ஹம்மல்ஸ், ஷாவுர் என்ற இரு பொருளியலாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சரக்கு வழியில் கழிக்கும் ஒவ்வொரு நாளும் 0.6 முதல் 2.1 சதவீதம் வரை சுங்கவரி விதித்ததற்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். இந்த ஒரு வரி இருந்தால் பத்தியே நிமிர்ந்து நிற்கும். எடையில் உலகச் சரக்கின் 1 சதவீதம்கூட விமானத்தில் போவதில்லை, மதிப்பில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு விமானத்தில்தான் போகிறது. நேரத்துக்கு மக்கள் எவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்பது இதில் தெரியும்.

நம்பகத்தன்மையைத்தான் பலரும் தொடுவதே இல்லை. சரக்கு 20 நாளில் வருவது பிரச்சினை இல்லை. 15 நாளில் வருமா 30 நாளில் வருமா என்று தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை. அப்போது ஆலை கூடுதல் இருப்பு வைக்க வேண்டும், பணம் கிடங்கில் முடங்கும். 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளமுள்ள 'எவர் கிவன்' என்ற சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே நின்று ஆறு நாள் போக்குவரத்தை அடைத்தது. 2023-ல் மழை பொய்த்து, கால்வாய்க்கு நீர் தரும் காட்டூன் ஏரியின் மட்டம் இறங்கியதால் பனாமா கால்வாய் தினசரிக் கப்பல் எண்ணிக்கையைக் குறைத்தது. இரண்டில் ஒன்றை எடுங்கள், இரண்டையும் விரிக்க நேரம் இருக்காது.

உயர் மதிப்பெண் வேண்டுமென்றால் ஒரு தடைக்கேள்வியை நீங்களே எழுப்ப வேண்டும்: சாலையால் வளர்ச்சி வந்ததா, வளர்ச்சி இருந்த இடத்துக்குச் சாலை வந்ததா? 1993-ல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஃபோகல், 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க வளர்ச்சிக்கு ரயில் தவிர்க்க முடியாததாக இருக்கவில்லை, கால்வாய்களும் வண்டிப்பாதைகளும் பெரும்பகுதி வேலையைச் செய்திருக்கும் என்று வாதிட்டார். எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆனால் இந்த எதிர்வாதம் இரண்டு வரியில் வந்தால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். பாதை இரு திசையிலும் திறக்கும் என்பதையும் சேர்க்கலாம்: சிறு ஊரின் பொருள் நகரத்துக்குப் போகிற அதே சாலையில் நகரத்தின் மலிவான பொருள் வந்து உள்ளூர்ப் பட்டறையை மூடவும் செய்யும். கட்டுமான வேலைவாய்ப்பை மட்டும் வளர்ச்சியாகக் காட்டாதீர்கள். பாலம் கட்டி முடிந்ததும் அந்த வேலை போய்விடும், நிலைப்பது பாலத்தின் பயன்பாடுதான்.

இனி ஒத்துழைப்பு. நல்லுறவு, நட்பு, சமாதானம் போன்ற சொற்களை இந்தப் பகுதியில் முடிந்தவரை தவிருங்கள். எல்லையில் ஒரு லாரி நிற்பதைக் கற்பனை செய்து அங்கிருந்து எழுதுங்கள். நான்கு நாடுகளைத் தாண்ட வேண்டிய சரக்கு ஒவ்வோர் எல்லையிலும் இறக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, வரிக்கு முன்பணம் கட்டினால் என்ன ஆகும்? இதற்குத்தான் 1975-ஆம் ஆண்டின் டிஐஆர் உடன்படிக்கை (பன்னாட்டுச் சாலைப் போக்குவரத்து என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம்). கிளம்பும் நாட்டின் சுங்க அதிகாரி சரக்கைச் சரிபார்த்து வண்டியை முத்திரையிடுகிறார். லாரியின் முன்னும் பின்னும் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் டிஐஆர் என்றிருக்கும். ஓட்டுநர் கையில் கார்னே என்ற ஆவணம். இடைப்பட்ட நாடுகளில் அதிகாரி பொதுவாக முத்திரை உடையவில்லை என்று பார்த்து, கார்னேயிலிருந்து தனக்குரிய தாளைக் கிழித்துக்கொண்டு வண்டியை அனுப்புகிறார். சரக்கு வழியில் மாயமானால் வரியை ஈடுகட்ட ஓர் உத்தரவாதச் சங்கிலி இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு நாட்டு அதிகாரியின் முத்திரையை இன்னொரு நாடு நம்புகிறதே, அதுதான் ஒத்துழைப்பு. இதை ஆறேழு வரியில் எழுதினால் 'நல்லுறவு' என்று பத்து முறை எழுதியதை விடப் பலன் அதிகம்.

வரலாற்றுக்கு 1815 வியன்னா மாநாட்டில் உருவான ரைன் நதிப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது, இன்றும் இயங்கும் பன்னாட்டு அமைப்புகளில் மிகப் பழையது. 1912-ல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914-ல் கடலில் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை வந்தது. 1944 சிகாகோ உடன்படிக்கையிலிருந்து சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு (ஐகாவோ) பிறந்தது. மூன்றையும் ஆண்டோடு ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடலாம்.

கடற்கரை இல்லாத நாடுகளுக்குத் தனிப் பத்தி கொடுங்கள். வளரும் நாடுகளில் இப்படி 32 இருக்கின்றன. 1993-ல் எரித்திரியா பிரிந்ததும் எத்தியோப்பியா கடலை இழந்தது. அதன் வெளிவணிகத்தின் பெரும்பகுதி இப்போது ஜிபூட்டி துறைமுகம் வழியாகத்தான். 2016-ல் தொடங்கிவைக்கப்பட்ட சுமார் 750 கிலோமீட்டர் மின்ரயில் பாதை இரண்டையும் இணைக்கிறது. ஜிபூட்டிக்கு மின்சாரம் எத்தியோப்பியாவிலிருந்து போகிறது. ஒருவர் கை மற்றவரிடம் சிக்கியிருக்கும் இந்த நிலையில் வழி கொடுக்கும் நாட்டுக்குப் பேரம் பேசும் பலமும் கூடுகிறது என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

போரிடும் பகைநாடுகளும் பாதைக்காக ஒரே ஏற்பாட்டுக்கு வந்ததற்கு, உக்ரைன் தானியத்தை வெளியே கொண்டுவர ரஷ்யாவும் உக்ரைனும் ஒப்புக்கொண்ட கருங்கடல் தானிய ஏற்பாடு உண்டு. 2022 ஜூலையில் இஸ்தான்புல்லில் கையெழுத்தாகி ஓராண்டு நீடித்தது, சுமார் 3.3 கோடி டன் உணவுப்பொருள் வெளியேறியது. ரஷ்யா விலகியதும் 2023 ஜூலையில் நின்றது. நின்றுபோனதையும் சேர்த்து எழுதுங்கள். ஒத்துழைப்பு உடையக்கூடியது என்று காட்ட வேறு சான்று தேட வேண்டாம்.

திரும்பப் படிக்கும் 4 நிமிடத்தில் சரிபார்க்க வேண்டியவை சில. உலக வணிகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கடல்வழி என்பது அளவைப் பொறுத்தது, மதிப்பு அல்ல. பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவையும் அரசுகள் உறுப்பினராக உள்ள ஐகாவோவையும் குழப்பிவிடுவார்கள். கப்பல் விதிகளைப் பார்க்கும் ஐஎம்ஓ என்பதற்கு அவசரத்தில் ஐஎம்எஃப் (பன்னாட்டு நாணய நிதியம்) என்று எழுதுவதும் சகஜம். ரயில் பாதை அகலத்தைக் குறிப்பிட்டால் மில்லிமீட்டரில் கொடுங்கள்: போலந்தில் பெரும்பாலும் 1435, பெலாரஸில் 1520, அதனால் எல்லையில் பெட்டியை மாற்றவோ சக்கரச் சட்டத்தை மாற்றவோ வேண்டியிருக்கிறது.

நேரம் போதாமல் போனால் முதலில் வெட்ட வேண்டியது வரலாற்று வாக்கியம், அடுத்து சூயஸ் அல்லது பனாமா. வட்டப்படத்தையும் டிஐஆர் பத்தியையும் மட்டும் தொடாதீர்கள். முடிவுரைக்கு மூன்று வரி போதும்: எந்த நிபந்தனைகள் இருந்தால் பாதை வளர்ச்சியாக மாறும், எவை இல்லாவிட்டால் கடனாக மட்டும் மிஞ்சும் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுங்கள்.