குழித்துறைப் பக்கம் ஒரு கான்கிரீட் வீடு: வரைபடத்திலிருந்து வார்ப்பு வரை

2024 நவம்பர் 6
கன்னியாகுமரி மாவட்டக் குழித்துறை. மனை 8 சென்ட். பழைய ரப்பர் தோட்டம். மேற்கே சாலை, கிழக்கே சரிவு. மனையை ஐப்பசி மழையிலேயே பார்த்துவிட வேண்டும். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், மேல்மனையிலிருந்து எவ்வளவு இறங்கும் என்பது சித்திரையில் தெரியாது. தரைமட்டம் சாலைக்கு 2 அடி மேலே. அடுத்தடுத்துத் தார் போட்டுச் சாலை உயர்வதையும் சேர்த்த கணக்கு இது.

நவம்பர் 19
வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் படங்களில் சன்ஷேடே இல்லை. வெள்ளைப் பெட்டி, நாலு பக்கமும் கண்ணாடி. இரண்டு பருவமழையும் வாங்கும் ஊருக்கு அது ஆகாது.

டிசம்பர் உச்சிப்பொழுதில் இங்கே சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 58 டிகிரி உயரத்தில் நிற்கும். 2 அடி சன்ஷேட் மூணேகால் அடிக்குத்தான் நிழல் தரும்; 4 அடி ஜன்னலுக்கு இரண்டரை அடி நீட்ட வேண்டும். மேற்கில் இந்தக் கணக்கு செல்லாது. சாயங்கால வெயில் எந்த சன்ஷேடுக்கும் அடியில் நுழைந்துவிடும், ஆனி மாதச் சாரலும் அந்தப் பக்கமே. படிக்கட்டு, குளியலறை, ஸ்டோர் மேற்கே போகின்றன. முகப்பும் மேற்கு என்பதால் அங்கே 5 அடி ஆழ வராந்தா, அதற்கு முன்னால் ஜாலி, அதாவது துளை விட்ட தடுப்புச் சுவர்.

டிசம்பர் 3
பூச்சு இல்லாத கான்கிரீட் வேண்டுமாம். அழகுதான், ஆனால் விலை கம்பியின் கவரில், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனத்தில், இருக்கிறது. பலத்த மழை நேரே படும் கான்கிரீட்டை, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 'கடுமையான' சூழல் என்கிறது: வலிமைத் தரம் எம்30, கவர் 45 மி.மீ., தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மிகாமல். உள்ளறை ஸ்லாபுக்கு 20 மி.மீ. கவர் போதும்.

சிக்கல் சன்ஷேடில். வழக்கமான 3 இஞ்ச், அதாவது 75 மி.மீ. சன்ஷேடில் கம்பி மேல்பக்கம் வர வேண்டும். மேலே 45 மி.மீ. கவர் விட்டால் 8 மி.மீ. கம்பியின் நடுவிலிருந்து அடிவரை மிஞ்சுவது 26 மி.மீ. அது எதையும் தாங்காது. கவரைக் குறைத்தால் சில வருஷத்தில் துரு, அப்புறம் அடை அடையாகப் பெயரும். எனவே சுவரோரம் 5 இஞ்ச், நுனியில் 4 இஞ்ச். நுனியிலிருந்து ஒரு இஞ்ச் உள்ளே தள்ளி, அடியில் 12 மி.மீ. சட்டம் வைத்து வார்த்தால் காடி விழும். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். காடி இல்லாத வீட்டில் சுவரெல்லாம் கறுப்புக் கோடு.

டிசம்பர் 21
மொட்டைமாடி 1000 சதுர அடி. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பெய்தால் ஒரு மணி நேரத்தில் 9,300 லிட்டர். 4 இஞ்ச் குழாய் மூன்று. இரண்டு போதும் என்பது சருகு அடைக்கும்வரைதான். கைப்பிடிச் சுவரில் தளத்துக்கு 2 இஞ்ச் மேலே ஒரு உபரித் துளை. வாட்டம் 100-க்கு 1. நீர்த்தடுப்புப் பூச்சு கைப்பிடிச் சுவரில் ஒரு அடி ஏற வேண்டும். கசிவு பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும்.

2025 ஜனவரி 8
கீழ்த்தளக் கூரைக்கு கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பரவலாக்கிய ஓடு பதித்த ஸ்லாப். இரண்டிரண்டு மங்களூர் ஓடு, நடுவே காற்றிடைவெளி. ஓட்டை நனைத்தே வைக்க வேண்டும். காய்ந்த ஓடு கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஒயரிங் குழாய் ஓடுகளுக்கு இடைப்பட்ட விலாவில் மட்டுமே ஓடும். மின்விசிறி, விளக்கு இடங்களை இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.

மார்ச் 27
சன்ஷேட் வார்ப்பு. எம்30 சட்டியால் அளக்கும் கலவை அல்ல, எடை போட்டு வந்தது. மேஸ்திரி 'கொஞ்சம் தண்ணி' கேட்பார். கொடுக்கக் கூடாது, குழைவு வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் என்ற குழைவு மருந்து. ஆள் மிதித்து மேல்கம்பி இறங்குவதுதான் சன்ஷேட் உடைவதற்கு முக்கியக் காரணம். மேல்கம்பியைத் தாங்கும் நாற்காலிக் கம்பி நெருக்கமாக, நடக்க மேலே பலகை. அச்சுப் பலகை இடுக்குகளில் நுரைப்பட்டை. சிமெண்ட் பால் ஒழுகினால் அங்கே மணல் தெரியும்.

ஏப்ரல் 10
நனைப்பு இரண்டு வாரமும். முட்டு எடுப்பது நுனியில் தொடங்கிச் சுவரை நோக்கி, அதுவும் மேல்சுவர் பாரம் ஏறிய பிறகு.